ரோபோ இருக்கான்னு கேட்காதீங்க, சர்க்கரை எவ்வளவுன்னு கேளுங்க: மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றி ஒரு நீண்ட இழை

1/
அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யலாம்னு முடிவு பண்ணியிருக்கீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போனதும் நீங்க கேட்கப்போற முதல் மூணு கேள்வி எனக்குத் தெரியும். "எந்தக் கம்பெனி மூட்டு?" "ரோபோ இருக்கா?" "எத்தனை நாள்ல நடக்கலாம்?"

கேட்கக் கூடாத கேள்விகள் இல்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் எவ்வளவு நல்ல பதில் கிடைத்தாலும், ஆபரேஷன் செய்த காலில் சீழ் பிடிக்காது என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது.

2/
இந்த ஆபரேஷனில் வரும் சிக்கல்களைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி தியேட்டருக்கு வெளியே நடக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம், பிந்தைய மூன்று மாதம். அந்த மாதங்களைப் பற்றி எந்த ஃபிளெக்ஸ் பேனரும் பேசாது. அதைப் பேசத்தான் இந்த இழை. வீட்டில் மூட்டு வலிக்காரர் யாராவது இருந்தால் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3/
நான் எலும்பு மூட்டு சர்ஜன் இல்லை. எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவன். மூட்டை மாற்றுவது என் வேலை இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை, பிரஷர் பார்த்து அனுப்புவதும், ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து "புண்ணுல தண்ணி வடியுது சார்" என்று வருபவர்களை முதலில் பார்ப்பதும் என் வேலை. பேக்கேஜ் எங்கே எடுத்திருந்தாலும், காசு தீர்ந்தபின் பலரும் வந்து சேரும் இடம் அரசு மருத்துவமனைதான். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

4/
இந்த ஆபரேஷனுக்கு நான் எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். மூட்டு முழுசா தேய்ந்து, ராத்திரி தூக்கம் இல்லாமல், பாத்ரூம் போகக்கூட சுவரைப் பிடிக்கும் ஒருவருக்கு இது பெரிய வரம். 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுகளில் 100க்கு சுமார் 82 மூட்டுகள் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன என்று காட்டியது. 65 வயதில் செய்தால் ஆயுளுக்கும் போதும். இவ்வளவு நல்ல ஆபரேஷனை அலட்சியத்தால் கெடுக்கிறோமே என்பதுதான் என் கோபம்.

5/
கோபம் முதலில் விளம்பரத்தின் மேல். "காலையில் ஆபரேஷன், மாலையில் நடை." "தழும்பே தெரியாது." "இரண்டு மூட்டும் ஒரே நாளில், சிறப்புச் சலுகை." ஆடித் தள்ளுபடி மாதிரி மூட்டு விற்கிறார்கள். அன்று மாலையே வாக்கர் பிடித்து நாலடி வைப்பது உண்மைதான். பெரும்பாலான நல்ல சென்டர்களில் அதே நாளிலோ மறுநாளிலோ நடக்க வைப்பார்கள். ஆனால் அந்த நாலடி வெற்றியின் அடையாளம் கிடையாது. மூன்று மாதம் கழித்துக் கால் எவ்வளவு மடங்குது, எவ்வளவு நேராகுது, புண் காய்ந்துதா என்பதுதான் கணக்கு.

6/
அடுத்து ரோபோ. எலும்பை எந்தக் கோணத்தில், எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதைத் துல்லியமாக்க ரோபோ உதவும். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்க அம்மாவோட சர்க்கரையை ரோபோ குறைக்காது. சொத்தைப் பல்லைப் பிடுங்காது. வீட்டுக்கு வந்து காலை மடக்கி விடாது. அனுபவமுள்ள சர்ஜன், சுத்தமான தியேட்டர், தயாரான நோயாளி என்ற மூன்றும் இருந்தால் ரோபோ இல்லாமலே நல்லா நடக்கும். மூன்றும் இல்லை என்றால் ரோபோ இருந்து என்ன பிரயோஜனம்?

7/
2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வைத்த விலை 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த பொருள் இது. மூட்டை வைத்துக் காசு பார்க்க வழி குறைந்ததும், விளம்பரம் 'தொழில்நுட்பம்' பக்கம் திரும்பிவிட்டது என்பது என் கணிப்பு. மூட்டுக்கு உச்சவரம்பு உண்டு, மற்ற பேக்கேஜ் செலவுக்கு அப்படி ஒன்று கிடையாது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்க உரிமை அது.

8/
சரி, என்ன சிக்கல்கள் வரலாம்? பயமுறுத்தாமல், மறைக்காமல் சொல்றேன்.

ஒன்று, கிருமித் தொற்று.
இரண்டு, காலில் ரத்தம் உறைந்து கட்டியாவது.
மூன்று, மூட்டு இறுகிப்போவது.
நான்கு, விழுந்து எலும்பு முறிவது, அல்லது வருடங்கள் கழித்து மூட்டு தளர்வது.
ஐந்து, எல்லாம் சரியாக இருந்தும் திருப்தி இல்லாமல் வலி தொடர்வது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்கிறார்கள். இந்த எண்ணை எந்த பேனரிலாவது பார்த்திருக்கீங்களா?

9/
தொற்றை எடுத்துக்கொள்வோம். நல்ல சென்டர்களிலேயே நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு வரும். சின்ன எண் என்று தோன்றும். சாதாரணப் புண்ணில் சீழ் வந்தால் ஊசி, மாத்திரையில் ஆறிவிடும். செயற்கை மூட்டில் அப்படி இல்லை. உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதன்மேல் ஒட்டி, பாசி மாதிரி ஒரு படலத்தைக் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆன்டிபயாடிக் அந்தப் படலத்தைத் தாண்டி முழுசாக உள்ளே போய் வேலை செய்யாது.

10/
சீக்கிரம், முதல் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் மூட்டைத் திறந்து கழுவி, நடுவில் உள்ள பிளாஸ்டிக்கை மாற்றி, காப்பாற்ற முயற்சி செய்யலாம். தாமதமானால் பல நேரம் மொத்த மூட்டையும் கழற்ற வேண்டும். அந்த இடத்தில் ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டை வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, கிருமி போன பிறகு புது மூட்டு போட வேண்டும். இரண்டு பெரிய ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை, முதல் ஆபரேஷனைவிடப் பல மடங்கு செலவு. அதுவும் தோற்றால் மூட்டே மடங்காதபடி எலும்பை ஒட்டவைப்பது, அபூர்வமாகக் காலையே எடுப்பது வரை போகும்.

11/
இந்தப் பயம் புதுசு இல்லை. நவீன இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையை உருவாக்கிய ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய சர்ஜன், 1960களில் மூட்டின் வடிவத்துக்கு எவ்வளவு மூளையைச் செலவழித்தாரோ, அதே அளவு தியேட்டர் காற்றைச் சுத்தம் செய்வதற்கும் செலவழித்தார். ஆரம்பத்தில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் குறையாமல் இருந்த தொற்றை, சுத்தமான காற்று, தனி உடை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். மூட்டைக் கண்டுபிடித்தவரே கிருமிக்குத்தான் அதிகம் பயந்தார். நாம கம்பெனி பேரைப் பார்த்து மயங்குறோம்.

12/
இப்போ நீங்க செய்ய வேண்டியதுக்கு வருவோம். முதலில் சர்க்கரை. ஆபரேஷன் அன்று காலை குத்திப் பார்த்து "140 தான் இருக்கு, ஓகே" என்பது போதாது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை வேண்டும். அது ஏழரை, எட்டுக்கு மேல் இருந்தால் பொறுப்பான சர்ஜன் தள்ளிப்போடுவார். தள்ளிப்போடும் சர்ஜன் மேல் கோபப்படாதீங்க. "பரவாயில்லை, இன்சுலின் போட்டு நாளைக்கே பண்ணிடலாம்" என்று சொல்பவரிடம்தான் சந்தேகப்படணும்.

13/
இங்கே நான் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று இருக்கு. "பையன் துபாய்லேர்ந்து ஒரு மாச லீவுல வந்திருக்கான் சார், அவன் இருக்கும்போதே முடிச்சிடணும்." சர்க்கரை 11இல் இருக்கும். ரத்தம் 9இல் இருக்கும். ஆனால் தேதியை முடிவு செய்வது பையனோட ஃபிளைட் டிக்கெட். தம்பி, உன் பாசத்தைக் குறை சொல்லலை. லீவு எடுக்கும் முன்னாடி ஒரு போன் போட்டு அம்மாவோட ஹெச்பிஏ1சி என்னன்னு கேளு. அது சரியான பிறகு டிக்கெட் போடு. அதுதான் அம்மாவுக்கு நீ செய்யும் முதல் சிகிச்சை.

14/
இரண்டாவது, பல். சொத்தைப் பல், ஈறில் சீழ், ஆடுற பல் எதுவாக இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே பார்த்து முடித்துவிடுங்கள். வாயில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போகலாம். "முட்டிக்கு எதுக்கு பல் டாக்டர்?" என்று சிரிக்காதீங்க.

15/
மூன்றாவது, பாதம். நம்ம ஊர்ல இதை யாருமே பார்க்கிறதில்லை. பித்தவெடிப்பு, விரல் இடுக்கில் சேற்றுப்புண், நகச்சுத்தி, சர்க்கரையால் வந்த ஆறாத சின்னப் புண். கிருமி உள்ளே நுழைய இவையெல்லாம் திறந்த வாசல். வயல் வேலை, வீட்டு வேலை, வெறுங்கால் நடை என்று வாழ்ந்த அம்மாக்களின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கு ஈரமாக, வெள்ளையாக இருந்தால் அதை முதலில் ஆற்றுங்கள். ஆறிய பிறகு ஆபரேஷன்.

16/
நான்காவது, முட்டிக்குள் போடும் ஊசி. ஊரில் "ஒரே ஊசி, ஆறு மாசம் வலி இருக்காது" என்று போடுவார்களே, அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அந்த ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று அபாயம் கூடும். எப்போது, எங்கே ஊசி போட்டீர்கள் என்பதை சர்ஜனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பேர் தெரியாத சூரணம், பொடி சாப்பிட்டு வலி "மாயமாக"ப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

17/
ஐந்தாவது, ரத்தம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும், ஆண்களுக்கு 13க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. ரத்தசோகையோடு தியேட்டருக்குள் போனால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், தொற்று அபாயமும் கூடும். இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டுப் பண்ணலாம் என்பது கடைசி வழி. ஏன் ரத்தம் குறைந்தது என்று கண்டுபிடித்து, இரும்புச்சத்து கொடுத்து ஏற்ற நேரம் இருக்கும்போதே செய்ய வேண்டும். இதற்குத்தான் முன்கூட்டிய அந்த இரண்டு மாதம்.

18/
ஆறாவது, பீடி சிகரெட். குறைந்தது நாலு வாரம் முன்னாடி நிறுத்தணும். புகை, புண் ஆறுவதற்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். "ஆபரேஷன் முடிஞ்சு விட்டுடறேன்" என்ற வாக்குறுதி வேலைக்கு ஆகாது. புகையிலை போடும் பாட்டிகளும் டாக்டரிடம் அதைச் சொல்லணும், வெட்கப்பட வேண்டாம்.

19/
ஏழாவது, மாத்திரைகள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போங்க. ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் மாதிரி மருந்துகளைத் தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது. இதய டாக்டரும் சர்ஜனும் மயக்க டாக்டரும் பேசி முடிவு செய்யணும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிட்டால் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அந்த மாத்திரை சாப்பிடுவதே தெரியாமல் இருந்தால் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

20/
எட்டாவது, பிளேடு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வீட்டிலேயே காலை வழவழன்னு மழித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், கிருமி அங்கேதான் குடியேறும். உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லிவிட்டது: முடியை எடுக்காமல் விடுங்கள், எடுத்தே ஆகணும்னா கிளிப்பர் மெஷினால் எடுங்கள், மழிக்காதீர்கள். வார்டில் யாராவது பிளேடோடு வந்தால் மரியாதையாகக் கேளுங்க: "கிளிப்பர் இருக்காங்க?"

21/
"எங்க பெரியம்மா இதெல்லாம் ஒண்ணும் பாக்காமதான் பண்ணாங்க, ஜம்முனு நடக்கறாங்க" என்று கமெண்ட் வரும். வரட்டும். ஹெல்மெட் போடாமல் பத்து வருஷம் வண்டி ஓட்டியவரும் அப்படித்தான் சொல்வார். தப்பித்தவர் வந்து கமெண்ட் போடுவார். தப்பிக்காதவர் வார்டில் படுத்திருப்பார், அவர் போன் பார்க்கும் மனநிலையில் இருக்க மாட்டார்.

22/
"மூணு மாசம் தள்ளிப்போட்டா வலியை யார் தாங்கறது?" நியாயமான கேள்வி. அந்த மூன்று மாதம் சும்மா காத்திருக்கும் காலம் இல்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி, கொஞ்சம் எடைக் குறைப்பு, வலிக்காத பக்கக் கையில் ஒரு கைத்தடி. ஆமாம், எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்கணும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் மட்டும். மெடிக்கல்ல வாங்கி தினம் இரண்டு போட்டால் கிட்னி போகும். இந்தப் பயிற்சியிலேயே வலி குறைந்து "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அதைவிடப் பாதுகாப்பான ஆபரேஷன் எது?

23/
இதையும் சேர்த்தே சொல்றேன். எக்ஸ்ரேயைக் காட்டி "எலும்பும் எலும்பும் உரசுது, உடனே பண்ணணும்" என்று பயமுறுத்தினால் பயப்படாதீங்க. மூட்டுத் தேய்மானம் என்பது அவசர நோய் இல்லை. ஆபரேஷன் வேண்டுமா என்பதை முடிவு செய்வது எக்ஸ்ரே மட்டும் இல்லை. உங்கள் வலியும், நடக்க முடிகிற தூரமும், தூக்கமும், மற்ற சிகிச்சைகள் செய்து பார்த்தாச்சா என்பதும்தான். எக்ஸ்ரே மோசமாக இருந்தும் சந்தைக்கு நடந்து போய் வருபவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

24/
இரண்டு மூட்டும் ஒரே நாளில் பண்ணலாமா? வயது குறைவு, இதயம் நுரையீரல் நல்லா இருக்கு, எல்லா டெஸ்டும் சரி என்றால் சிலருக்குச் செய்யலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் செய்யும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை அதிகம், ரத்த இழப்பும் அதிகம். 75 தாண்டியவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் "ஒரே பேக்கேஜ், செலவு மிச்சம்" என்ற காரணத்துக்காகச் செய்யவே கூடாது. மிச்சமாகும் பணத்தை ஐசியு ஒரே வாரத்தில் வாங்கிக்கொள்ளும்.

25/
இனி ஆபரேஷனுக்குப் பின். முதலில் ரத்தக்கட்டி. படுத்தே இருந்தால் கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகலாம். தடுக்க வழி இருக்கு: சீக்கிரம் நடப்பது, படுக்கையில் மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, டாக்டர் எழுதிய ரத்தம் உறையாமைக்கான மாத்திரை அல்லது ஊசியைச் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் எடுப்பது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் "நல்லாத்தான் இருக்காங்களே" என்று அந்த மாத்திரையை நிறுத்துவதுதான் நம்ம வீடுகளில் நடக்கும் தப்பு.

26/
ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, இறுகி, வலித்தால் அன்றைக்கே போங்க. திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, இருமலில் ரத்தம் வருது என்றால் 108ஐக் கூப்பிடுங்க. காலைத் தேய்த்து விடாதீங்க, எண்ணெய் போட்டு நீவாதீங்க. விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

27/
இரண்டாவது, தலையணை. சிரிக்காமல் கேளுங்க. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் நோயாளிக்குச் சுகமாக இருக்கும், கால் லேசாக மடங்கியே இருக்கும். பாசத்தில் வீட்டில் உள்ளவர்கள் வைத்துவிடுவார்கள். அப்படியே வாரக்கணக்கில் இருந்தால் கால் முழுசா நேராகாமல் போய்விடும். வாழ்நாள் முழுக்க நொண்டல். தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி காற்றில் தொங்கி நேராகட்டும். வலிக்கும். அந்த வலி தேவையான வலி.

28/
மூன்றாவது, பிசியோ. மூட்டு மடங்குவது முதல் ஆறு வாரத்தில் தீர்மானமாகிறது. ஆறு வாரத்தில் குறைந்தது 90 டிகிரி மடங்கணும், அதாவது நாற்காலியில் சாதாரணமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்காரும் அளவு. அது வரவில்லை என்றால் தள்ளிப்போடாமல் சர்ஜனிடம் போங்க. சீக்கிரம் போனால் மயக்கம் கொடுத்து மடக்கி விடும் வாய்ப்பு இருக்கு. ஆறு மாதம் கழித்துப் போனால் உள்ளே தழும்பு இறுகியிருக்கும். துபாய் பையன் பதினைந்தாம் நாள் கிளம்பிப் போன பிறகு காலை மடக்கி விடுவது யார்? இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க.

29/
பிசியோவுக்குக் காசு இல்லையா? 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் வருவதில்லை. தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் அதில் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய்க் கேளுங்கள். ஒரு தடவை இல்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் இந்தச் சேவை வளரும்.

30/
நான்காவதுதான் என்னை அதிகம் கொதிக்க வைப்பது. புண்ணில் நீர் வடியுது. தையல் பிரித்த இடம் சிவந்து கசியுது. பேக்கேஜ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் "ஒண்ணுமில்லை, ஆன்டிபயாடிக் ஒரு அஞ்சு நாள் போடுங்க" என்று பதில். அல்லது தெருமுனை மெடிக்கலில் கேட்டு ஒரு அட்டை. அஞ்சு நாளில் கசிவு நிற்கும், மறுபடி வரும், மறுபடி ஒரு அட்டை. இப்படியே ஒரு மாதம் ஓடிவிடும். மூட்டைக் காப்பாற்ற இருந்த அந்தச் சில வாரங்கள் இப்படித்தான் கைநழுவிப் போகின்றன.

31/
அதைவிட மோசம், அந்த மாத்திரை பரிசோதனையையும் குழப்பும். மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கணும். முன்னாடியே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் கிருமி வளராது, ஆனால் உள்ளே உயிரோடு இருக்கும். எதிரி யாரென்று தெரியாமலே சண்டை போட வேண்டிய நிலை. ஆகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஒரு வாரத்துக்குப் பிறகும் புண் கசிந்தால் அது "சும்மா தண்ணி" இல்லை. மாத்திரை போடாமல், ஆபரேஷன் செய்த சர்ஜனை நேரில் பாருங்கள். போனில் முடிக்க விடாதீங்க.

32/
எது சாதாரணம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாட்டி வீணா பயப்படுவீங்க. முட்டி சில மாதம் கொஞ்சம் சூடாக, வீங்கி இருக்கும். தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கையகலம் மரத்துப்போயிருக்கும். நடக்கும்போது "டக் டக்" சத்தம் வரலாம். இவை இருந்தும் வலி நாளுக்கு நாள் குறைந்துவந்தால் கவலை வேண்டாம். வலி குறைந்து வந்து மறுபடி கூடினால், காய்ச்சல் குளிர் வந்தால், பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டால் உடனே போங்க.

33/
ஐந்தாவது, வீடு. செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு விழுந்து முறிந்தால் சரிசெய்வது ரொம்பக் கடினம். ஆபரேஷனுக்கு முன்னாடியே வெஸ்டர்ன் டாய்லெட், பாத்ரூமில் பிடிமானக் கம்பி, ராத்திரி விளக்கு எல்லாம் தயார் பண்ணுங்க. வழுக்கும் மிதியடியைத் தூக்கிப் போடுங்க. சம்மணம், குத்துக்கால் இரண்டையும் பெரும்பாலான சர்ஜன்கள் வேண்டாம் என்பார்கள். நாலு லட்சம் பேக்கேஜுக்குக் கடன் வாங்குறோம், சுவரில் கம்பி அடிக்கக் கணக்குப் பார்க்கிறோம்.

34/
ஒரு வருஷம் தாண்டியாச்சு, இனி பயமில்லையா? இல்லை. மூட்டு உள்ளே இருக்கும் வரை ரத்தம் வழியாகக் கிருமி வந்து சேரலாம். காலில் புண், தோல் சிவந்து வீக்கம், பல்லில் சீழ், எரிச்சலோடு சிறுநீர் எதுவாக இருந்தாலும் "எனக்கு மூட்டு மாத்தியிருக்கு" என்று டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்க. நல்லா இருந்த மூட்டு திடீர்னு வீங்கி வலித்தால் சுளுக்கு என்று கட்டுப் போட்டுக்கொள்ளாதீங்க. பாதத்தை தினமும் பாருங்க.

35/
அரசு ஆஸ்பத்திரியை மட்டும் விட்டுவிடுவேன் என்று நினைக்காதீங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வந்ததால் ஏழைகளுக்கும் மூட்டு மாற்று கிடைக்கிறது, நிஜமான சாதனை அது. ஆனால் மூட்டுக்கு ஒதுக்கும் கவனத்தில் கால்வாசிகூட பிசியோவுக்கு ஒதுக்குவதில்லை. நெரிசல் வார்டில் ஒரு நோயாளிக்கு ஆறு பார்வையாளர், படுக்கையில் உட்கார்ந்து புளிசாதம். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில், அதைத் தமிழில் விளக்க ஆள் இல்லை. ஆபத்து அறிகுறிகளைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? ஒரு டீ விலைகூட ஆகாது.

36/
பெரிய கேள்வி இது. சுவீடனில் 1975 முதல் மாற்றப்படும் முழங்கால் மூட்டுகளுக்குப் பதிவேடு இருக்கு. இங்கிலாந்தில் 2003 முதல் தேசியப் பதிவேடு இருக்கு. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மூட்டு மாற்றினார்கள், எத்தனையை மறுபடி திறந்தார்கள் என்பதை அங்கே பொதுமக்கள் பார்க்கலாம். இங்கே சர்ஜன்கள் சங்கம் நடத்தும் பதிவேட்டில் விருப்பம் இருப்பவர் பதியலாம், கட்டாயம் இல்லை. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தகவல் ஃபிளெக்ஸ் பேனரும் யூடியூப் வீடியோவும். அதில் டான்ஸ் ஆடும் பாட்டி மட்டும்தான் வருவார். இரண்டாம் முறை மூட்டைக் கழற்றிய பாட்டி வர மாட்டார். அந்தக் கணக்கைக் கட்டாயமாக்கி, வெளியிடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

37/
பதிவேடு வரும்வரை நீங்களே கேளுங்க. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்க:

ஹெச்பிஏ1சி, ஹீமோகுளோபின் எவ்வளவு, அது ஆபரேஷனுக்குப் போதுமா?
பல், பாதம், சிறுநீர் யார் பார்த்தார்கள்?
கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போடுவீங்களா?
ரத்தம் உறையாமல் இருக்க என்ன மருந்து, எத்தனை நாள்?
வீட்டுக்குப் போன பிறகு பிசியோ யார்?
ராத்திரி பத்து மணிக்குப் புண் கசிந்தால் எந்த நம்பர், எடுப்பது யார்?
கடந்த வருஷம் இங்கே எத்தனை பேருக்குத் தொற்று வந்தது?
எனக்கு வந்தால் மறு ஆபரேஷன் செலவு யாருடையது?

38/
கடைசி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்க. "எங்ககிட்ட அதெல்லாம் வரவே வராது" என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தொற்றே வராத ஆஸ்பத்திரி உலகத்தில் கிடையாது, எண்ணிப் பார்க்காத ஆஸ்பத்திரிதான் உண்டு. "வருஷத்துக்கு இத்தனை பேருக்கு வருது, வந்தா இப்படிப் பண்ணுவோம், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று நேராகச் சொன்னால், ரோபோ இல்லாவிட்டாலும் அங்கே நம்பி அம்மாவைப் படுக்க வையுங்கள்.

39/
சக டாக்டர்கள் சிலருக்கு இது பிடிக்காது. "மக்களைப் பயமுறுத்துறீங்க" என்பார்கள். இல்லைங்க. பயந்தவர் ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடுவார், தெரிந்தவர் தயாராகி வருவார். தயாராகி வரும் நோயாளிதான் நல்ல சர்ஜனுக்குப் பெரிய உதவி. இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க: வீட்டில் மூட்டு வலியோடு இருப்பவரின் பாதத்தைத் திருப்பிப் பாருங்க, கடைசியா ஹெச்பிஏ1சி எப்போ பார்த்தாங்கன்னு கேளுங்க. மூட்டு கம்பெனியை அப்புறம் பார்த்துக்கலாம்.

(முடிந்தது. பகிர்வதற்கு அனுமதி கேட்க வேண்டாம், எடுத்துப் பகிருங்கள். இது பொதுவான தகவல்தான், உங்கள் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரிடம் கேட்டு மட்டும்.)